அமெரிக்காவின் ஆரம்பக் காலனிகள்: மண், ஆறு, வெயில், பனி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது வர்ஜீனியாவில், ரிச்மண்ட் பக்கம். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்துக்காரர்கள் அமெரிக்காவில் முதலில் நிலைத்த ஊரான ஜேம்ஸ்டவுனுக்குக் கூட்டிப்போவது வீட்டு வழக்கமாகிவிட்டது. ஒரு மணி நேரக் கார்ப் பயணம். போகும்போது வழக்கமான பேச்சு ஓடும். திரும்பும்போது கேள்விகள் வரும். யார் வந்தாலும் அதே கேள்விகள்தான், ஆள்தான் மாறுவார்கள். பத்து வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

"காலனி, காலனி என்கிறாயே, எத்தனை இருந்தது? எப்போது ஆரம்பித்தது?"

பிற்பாடு ஒன்றுசேர்ந்து அமெரிக்கா ஆனவை பதின்மூன்று. எல்லாம் பிரிட்டிஷ் காலனிகள். முதலாவது 1607-ல் வர்ஜீனியா. கடைசி ஜார்ஜியா, அங்கே முதல் குடியேறிகள் இறங்கியது 1733-ல். இரண்டுக்கும் நடுவே ஒன்றேகால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

அட்லாண்டிக் கரையோரமாக வடக்கிலிருந்து தெற்காக இவை வரிசையாக இருந்தன. வடக்கே மாசசூசெட்ஸ், கனெக்டிகட் முதலானவற்றுக்குப் பொதுப்பெயர் நியூ இங்கிலாந்து. நடுவில் நியூயார்க், பென்சில்வேனியா போன்றவை. தெற்கே மேரிலாந்து, வர்ஜீனியா, இரண்டு கரோலினாக்கள், ஜார்ஜியா. மேலிருந்து கீழ்வரை ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அந்த நீளத்துக்குள் மண்ணும் வெயிலும் நாலைந்து முறை மாறிவிடும். இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு அதுதான் அடிப்படை.

"இவ்வளவு பெரிய தேசத்தில் போயும் போயும் இந்தச் சேற்றிலா வந்து இறங்கினார்கள்?"

ஜேம்ஸ்டவுனைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது இது. மாமா ஒருவர் காரை விட்டு இறங்குவதற்குள்ளேயே கேட்டுவிட்டார். அவர்கள் தேடியது விவசாய நிலம் அல்ல, பத்திரமான துறைமுகம். அந்தக் கடற்கரை ஏற்கனவே தங்களுடையது என்று ஸ்பெயின் சொல்லிக்கொண்டிருந்த காலம். கடலிலிருந்து பார்த்தால் தெரியாத இடமாக, ஆற்றுக்குள் தள்ளி இருக்கவேண்டும். ஜேம்ஸ்டவுன் அப்படித்தான் இருந்தது. மூன்று பக்கம் தண்ணீர், நிலத்தோடு ஒட்டும் கழுத்து குறுகலானது, அதனால் காவல் காப்பது சுலபம். கரையை ஒட்டியே ஆழம் இருந்ததால் கப்பலைக் கரையோர மரத்தில் கட்டிவிடலாம். பக்கத்தில் இருந்த பழங்குடியினர் அங்கே ஊர் கட்டாமல் விட்டு வைத்திருந்ததும் வசதியாகப் போயிற்று. ஏன் விட்டு வைத்திருந்தார்கள் என்பதை வந்தவர்கள் யோசிக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இவர்களை அனுப்பிய வர்ஜீனியா கம்பெனி லண்டனில் எழுதிக்கொடுத்த குறிப்பில், வடமேற்காக உள்ளே போகும் ஆறாகப் பார்த்துப் பிடியுங்கள், அந்த வழியாக மறுபக்கக் கடலை எட்டிவிடலாம் என்று இருந்தது. நடுவில் ஒரு முழுக் கண்டம் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வந்த மாதமே ஆற்றில் ஏறிப் பார்த்தார்கள். எங்கள் ரிச்மண்ட் இருக்கும் இடத்தில் பாறையும் அருவியும் படகை மறித்தன. ஒரு சிலுவையை நட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

"பக்கத்திலேயே இவ்வளவு பெரிய ஆறு. தண்ணீரால் எப்படிச் செத்தார்கள்?"

ஜேம்ஸ் ஆறு இந்த இடத்தில் கடலின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். மழை குறைந்த கோடையில் மேலிருந்து வரும் நன்னீர் வற்ற, கடல்நீர் மேலேறிவிடும். ஆறு முழுக்க உப்பு கலந்த தண்ணீர். குடியேறிகளின் கழிவும் அதே தண்ணீரில்தான் போய்ச் சேர்ந்தது, ஓட்டம் இல்லாமல் அங்கேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. சீதபேதி, டைபாய்டு, உப்புநீரால் வந்த வீக்கம் என்று ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். 1607 மே மாதம் இறங்கியவர்கள் 104 பேர். அடுத்த ஜனவரியில் உதவிக் கப்பல் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 38 பேர்.

வந்த நேரமும் கெட்ட நேரம். வர்ஜீனியா சதுப்பில் நிற்கும் பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களை ஆராய்ந்து 1998-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். 1606 முதல் 1612 வரையான ஏழு வருடம், அந்தப் பகுதியின் 770 வருடத்தில் மிக வறண்ட ஏழு வருடமாம். கொஞ்சம் தெற்கே, 1587-ல் ரோனோக் தீவில் குடியேறிய நூற்றுச்சொச்சம் பேர் சுவடில்லாமல் மறைந்துபோன கதை பிரசித்தம். 1587 முதல் 1589 வரை 800 வருடத்தில் காணாத வறட்சி என்று அந்த மரங்களே சொல்கின்றன. அந்த மனிதர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு இது விடை ஆகாது. ஆனால் எந்த நிலைமையில் இருந்திருப்பார்கள் என்பது புரியும்.

"பஞ்சத்தில் மனுஷனையே மனுஷன் தின்றான் என்கிறார்களே, நிஜமா?"

நிஜம்தான். 1609-10 குளிர்காலத்தைப் 'பட்டினிக் காலம்' என்றே சொல்வார்கள். கோட்டைக்குள் சில நூறு பேர் இருந்தார்கள், வசந்தம் வந்தபோது அறுபது பேர் போல மிச்சம். 2012-ல் அகழ்வாராய்ச்சியில் கிடைத்த பதினான்கு வயதுப் பெண்ணின் மண்டையோட்டில் கத்திக் காயங்கள் இருந்தன. இறந்த பிறகு வெட்டப்பட்டவை.

அந்தப் பஞ்சத்துக்குக் காரணம் ஒன்றல்ல. வறட்சி நான்காவது வருடமாகத் தொடர்ந்தது. சுற்றியிருந்த பழங்குடியினரான பவ்ஹாட்டன் மக்களிடமே தானியம் குறைவு, அவர்களிடம் வெள்ளையர்கள் மிரட்டிப் பிடுங்கியதால் சண்டை மூண்டு கோட்டையைச் சுற்றி முற்றுகை. உணவோடு வந்த ஒன்பது கப்பல்களில் தலைமைக் கப்பலான சீ வெஞ்சர் 1609 ஜூலையில் சூறாவளியில் சிக்கிப் பெர்முடா பாறையில் ஏறிவிட்டது. அதில் இருந்தவர்கள் அந்தத் தீவிலேயே இரண்டு சிறு கப்பல்கள் கட்டிக்கொண்டு 1610 மே மாதம் வந்து சேர்ந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவர்களைப் பார்த்துவிட்டு, ஊரைக் காலிசெய்துவிடலாம் என்று எல்லோரும் கப்பல் ஏறிவிட்டார்கள். ஆற்றில் இறங்கிப் போகும்போதே எதிரே புதிய ஆளுநரின் கப்பல்கள் வருவதாகச் செய்தி வந்தது. திரும்பிவிட்டார்கள். ஓரிரு நாள் தள்ளிப்போயிருந்தால் ஜேம்ஸ்டவுன் என்று ஒரு ஊரை யாரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

"இங்கிலாந்துக்காரனுக்குக் குளிர் என்ன புதுசா?"

எனக்குப் பிடித்த கேள்வி. பதில் ஒரு வரைபடத் தப்பில் இருக்கிறது. ஒரே அட்சரேகையில் இருக்கும் ஊர்களுக்கு ஒரே மாதிரி தட்பவெப்பம் என்று அக்காலத்துப் படித்தவர்கள் நம்பினார்கள். அப்படிப் பார்த்தால் ஜேம்ஸ்டவுன் தெற்கு ஸ்பெயினில் உள்ள செவில் நகரத்துக்கு நேர். பாஸ்டன் ரோமுக்கு நேர். லண்டனோ இவை எல்லாவற்றுக்கும் வெகு வடக்கே. அதனால் ஆரஞ்சு, ஆலிவ், திராட்சை, பட்டு எல்லாம் வர்ஜீனியாவில் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் பணம் போட்டார்கள்.

ஆனால் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. ஐரோப்பாவுக்கு அது வெதுவெதுப்பான அட்லாண்டிக்கைத் தாண்டி வருகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கோ கண்டத்தின் உள்ளேயிருந்து வருகிறது. நிலம் கடலைவிடச் சீக்கிரம் சுடும், சீக்கிரம் குளிரும். அதனால் குளிர்காலத்தில் கனடாப் பக்கத்து உறைகாற்று, கோடையில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து புழுக்கம். ரோமில் பனி பெய்தால் செய்தி, பாஸ்டனில் பெய்யாவிட்டால் செய்தி. இங்கிலாந்துக்காரர்கள் அறிந்தது மிதமான குளிரும் மிதமான கோடையும். இங்கே இரண்டு பக்கமும் அடி விழுந்தது.

"அப்போதெல்லாம் இப்போதைவிடக் குளிர் அதிகமாமே?"

ஆமாம். ஏறக்குறைய 14 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை வடகோளத்தின் பல பகுதிகள் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தன. சிறு பனியுகம் என்பார்கள். 1607-08 குளிர்காலத்தில் லண்டனில் தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் கடை போட்டு வியாபாரம் நடந்தது. அதே குளிர்காலத்தில்தான் ஜேம்ஸ்டவுனுக்குச் சகோதரியாக மெய்ன் கரையில் போபம் என்றொரு காலனி ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் குளிரோடு தலைமைக் குழப்பமும் சேர, ஒரே வருடத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். அது நிலைத்திருந்தால் நியூ இங்கிலாந்தின் கதை மாசசூசெட்ஸ் கரையில் உள்ள பிளிமத்தில் ஆரம்பித்திருக்காது.

"பிளிமத்தில் பாதிப் பேர் செத்தது குளிராலா?"

குளிர் ஒரு பங்கு. பிளிமத்தில் குடியேற இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பேர் கரையைக் கண்டது 1620 நவம்பரில். விதைக்கவும் முடியாது, வீடு கட்டவும் நேரமில்லை. பலர் குளிர்காலத்தைக் கப்பலிலேயே ஈரத்தில் கழித்தார்கள். காய்கனி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயும் நெஞ்சுச்சளியும் பாதிப் பேரைக் கொண்டுபோயின. ஆடியில் விதைக்கவேண்டியவன் தை மாதம் ஏர் பூட்டினால் என்ன ஆகும், அந்தக் கதைதான்.

மிஞ்சியவர்கள் பிழைத்ததற்கும் நிலம்தான் காரணம், ஆனால் அது காலி நிலம் அல்ல. அவர்கள் இறங்கிய இடம் படுக்செட் என்ற ஊர். 1616-க்கும் 1619-க்கும் இடையே ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோயில் ஊரே அழிந்து, உழுத வயல்கள் மட்டும் கிடந்தன. அந்த ஊரில் பிறந்து, கடத்தப்பட்டு ஸ்பெயின், இங்கிலாந்து என்று சுற்றித் திரும்பியவர் டிஸ்குவாண்டம். ஊருக்கு வந்தால் ஒருவரும் இல்லை. அவர்தான் வந்தவர்களுக்கு மீனை உரமாகப் புதைத்து மக்காச்சோளம் போடக் கற்றுக்கொடுத்தவர்.

"அப்படியானால் இது மனுஷன் தொடாத காடு என்று சொல்வது?"

தப்பு. பழங்குடியினர் வருடத்தில் ஒன்றிரண்டு முறை காட்டின் அடிப்புதரை எரித்துவிடுவார்கள். மான் மேயப் புல் வளரும், நடக்க வழி கிடைக்கும். முதலில் வந்தவர்கள் அந்தக் காட்டைப் பூங்கா மாதிரி இருக்கிறது என்று வியந்தார்கள். யாரோ பராமரித்த பூங்கா என்று தோன்றவில்லை.

பழங்குடியினரின் சாகுபடியும் இடத்துக்குப் பொருந்தியது. ஒரே மேட்டில் மக்காச்சோளம், அதன் தண்டில் ஏறும் அவரை, தரையை மூடும் பரங்கி. அவரை மண்ணுக்குச் சத்து கொடுக்கும், பரங்கி இலை ஈரத்தைக் காக்கும். பரங்கிக்காய் நமக்கு வந்ததும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான். பெயரிலேயே பறங்கியர் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம், அவர்கள் ஒரே இடத்தில் அடைந்து கிடக்கவில்லை. மீன் ஏறும் பருவத்தில் ஆற்றோரம், குளிரில் காட்டுக்குள் என்று இடம் மாறினார்கள். வெள்ளையர் கண்ணுக்கு அது ஊர் ஊராகத் திரிவதாகப் பட்டது. வேலி போடாத நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று முடிவுகட்டிக்கொள்ள அந்தப் பார்வை வசதியாக இருந்தது.

"வடக்கே ஒரே கல்லும் பாறையும். என்ன பிழைப்பு நடத்தினார்கள்?"

நியூ இங்கிலாந்தை ஒரு காலத்தில் மூடியிருந்த பனிப்பாறைகள் நல்ல மண்ணைச் சுரண்டிப்போய், உருண்டைக் கற்களை விட்டுப்போயின. வயலில் கல் பொறுக்கி ஓரத்தில் அடுக்கினால் அதுவே வேலி. அடுத்த வருடம் உறைபனி மண்ணை உப்பவைத்து இன்னும் கொஞ்சம் கல்லை மேலே தள்ளும். அந்தக் கல்வேலிகள் இன்றும் காட்டுக்கு நடுவே ஓடுவதைப் பார்க்கலாம்.

கோதுமையும் கைவிட்டது. 1660-களில் தண்டுத் துருநோய் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் துருப்பூஞ்சைக்கு இடம் கொடுத்தது ஜாமுக்காகவும் வேலிக்காகவும் அவர்களே இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து நட்ட பார்பெரிச் செடி. 1726-ல் கனெக்டிகட்டில் அந்தச் செடியை ஒழிக்கச் சட்டமே போட்டார்கள். ஏழைகளின் ரொட்டி, ரை என்ற தானியத்தின் மாவும் மக்காச்சோள மாவும் கலந்த ரொட்டி ஆயிற்று.

மண் கொடுக்காததைக் கடல் கொடுத்தது. கரையிலிருந்து தள்ளி ஆழமில்லாத கடல்திட்டுகளில் காட் மீன் கொழித்தது. உப்பு போட்டுக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. சுருக்கமாகச் சொன்னால் கருவாட்டு வியாபாரம். நல்ல தரம் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போகும். மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் இன்றும் மரத்தால் செய்த காட் மீன் ஒன்று தொங்குகிறது, அவ்வளவு மரியாதை. மீனுக்குப் படகு வேண்டும், படகுக்கு மரம் பின்னாலேயே இருந்தது. வெள்ளைப் பைன் மரங்கள் போர்க்கப்பல் பாய்மரத்துக்கு அவ்வளவு தோதானவை. மாசசூசெட்ஸுக்கு ராஜா கொடுத்த 1691 சாசனத்தில், தனியார் நிலமாகக் கொடுக்கப்படாத இடத்தில் நிற்கும், இரண்டடி விட்டத்துக்கு மேற்பட்ட மரமெல்லாம் ராஜாவுக்கு என்று எழுதிவிட்டார்கள். வெட்டினால் அபராதம். கடுப்பான மக்கள் 1772-ல் நியூ ஹாம்ப்ஷயரில் அதிகாரிகளை அடித்தே விரட்டினார்கள்.

"வடக்கே ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், வர்ஜீனியாவில் ஊரே இல்லை. ஏன்?"

வர்ஜீனியாவில் ஜேம்ஸ், யார்க், ரப்பஹானக், பொட்டோமாக் என்று நாலு பெரிய ஆறுகள். எல்லாம் கப்பல் ஏறும் அளவு ஆழம். லண்டன் கப்பல் நேரே பண்ணையின் சொந்தப் படகுத்துறைக்கே வந்துவிடும். புகையிலைப் பீப்பாயை உருட்டி ஏற்றிவிட்டு, சீமைத் துணியையும் நாற்காலியையும் இறக்கிக்கொள்ளலாம். நடுவில் சந்தை எதற்கு, கடைத்தெரு எதற்கு? ஊர் உண்டாக்கச் சட்டசபை திரும்பத் திரும்பச் சட்டம் போட்டும் பெரிதாகப் பலிக்கவில்லை. நாலு ரோடு சேரும் இடத்தில் ஒரு நீதிமன்றம், ஒரு சத்திரம், அவ்வளவுதான். 'கோர்ட்ஹவுஸ்' என்பதைப் பேரிலேயே வைத்திருக்கும் ஊர்கள் இங்கே இன்றும் உண்டு.

வடக்கே நெருங்கி வாழ்ந்தார்கள். சிறு நிலம், நீண்ட குளிர், நடுவில் தேவாலயம். அதற்கு மதமும் காரணம், பைபிளை ஒவ்வொருவரும் தானே படிக்கவேண்டும் என்ற பிடிவாதம். ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஒரு வாத்தியாரை வைக்கவேண்டும் என்று மாசசூசெட்ஸ் 1647-லேயே சட்டம் போட்டது. பண்ணைக்குப் பண்ணை மைல்கணக்கில் தள்ளி இருந்த வர்ஜீனியாவில் அப்படிச் சட்டம் போட்டாலும் பிள்ளைகளை எங்கே கூட்டுவது?

"புகையிலையில்தான் கொழித்தார்களாமே. அப்புறம் ஏன் நிலம் நிலம் என்று பறந்தார்கள்?"

ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஜான் ரோல்ஃப் 1612 வாக்கில் நல்ல ரகப் புகையிலையைப் பயிரிட்டுப் பார்த்தார். நீண்ட கோடை, புழுக்கம், மணற்பாங்கான மண் எல்லாம் அதற்கு ஒத்துப்போயின. ஆனால் புகையிலை மண்ணை உறிஞ்சிவிடும். மூன்று நான்கு வருடத்தில் நிலம் களைத்துவிடும், பிறகு இருபது வருடம் தரிசாகப் போடவேண்டும். உரம் போட மாடுகளைக் கொட்டிலில் கட்டி வளர்க்கும் பழக்கமும் இல்லை, காட்டில் அவிழ்த்து விட்டிருந்தார்கள். அதனால் புது நிலம் புது நிலம் என்று ஆற்றோரமாக ஏறிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு ஏற்றமும் ஒரு பழங்குடி ஊரின் சோளக்கொல்லையைத் தொட்டது. 1622-லும் 1644-லும் பவ்ஹாட்டன் மக்கள் திருப்பி அடித்ததன் வேர் அங்கே இருக்கிறது.

"நடுவில் உள்ள காலனிகளைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?"

அங்கே பெரிய துயரக் கதை இல்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தெற்கின் சுரமும் வடக்கின் கல்லும் இல்லாத மண். கோதுமை விளைந்தது, அதனால் 'ரொட்டிக் காலனிகள்' என்று பேர். ஹட்சன் ஆறு உள்நாட்டு விலங்குகளின் ரோமத்தோல்களை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தது. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம் சுண்ணாம்பு மண், ஜெர்மானிய விவசாயிகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அங்கிருந்து பிலடெல்பியாவுக்கு நேராக ஆறு கிடையாது. சஸ்குவெஹானா தெற்கே செசபீக் விரிகுடாவுக்கு ஓடுகிறது, அதுவும் பாறைகளோடு. அதனால்தான் கூண்டு போட்ட பெரிய கானஸ்டோகா வண்டிகள் பிறந்தன.

"கரோலினாவில் நெல்லா? நம்ம ஊர் மாதிரியேவா?"

நெல்தான். 1670-ல் சார்ல்ஸ்டன் ஆரம்பித்தது, 1690-களில் நெல் நிலைத்துவிட்டது. முதலில் மேட்டுச் சதுப்புகளில், பிற்பாடு ஆற்றுமுகத்தை ஒட்டி. அந்த இரண்டாவது முறை பார்க்கத்தக்கது. கடல் ஏறும்போது ஆற்றின் நன்னீரைப் பின்னுக்குத் தள்ளி உயர்த்தும். உப்பு எட்டாத, ஆனால் ஏற்றம் எட்டுகிற ஒரு குறுகிய பட்டையில் வரப்பு கட்டி, மதகு வைத்தால், நீர் உயரும்போது திறந்து பாய்ச்சலாம், இறங்கும்போது வடித்துவிடலாம். ஏற்றம் இறைக்கவேண்டாம், சந்திரன் பார்த்துக்கொள்ளும். ஆரம்பத்தில் குடைந்த மரத்தண்டுதான் மதகு, அதனால் மதகுக்கு இன்றும் அங்கே 'அடிமரம்' என்று பொருள்படும் பேர்.

இந்த வேலையை இங்கிலாந்துப் பண்ணையார் அறிந்திருக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகாம்பியா, சியரா லியோன் பக்கத்து மக்கள் தலைமுறைகளாக நெல் போட்டவர்கள். அங்கிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் கைப்பழக்கம் அந்த வயல்களில் எங்கும் தெரிகிறது. குதிகாலால் விதையை அமுக்குவது, உரலில் உலக்கை போட்டுக் குத்துவது, புல்லால் பின்னிய முறத்தில் புடைப்பது. முறத்தைச் சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தில் பார்த்த அம்மா, 'இது நம்ம முறம்தான், வட்டமா இருக்கு, அவ்வளவுதான்' என்றார். இந்த அறிவில் எவ்வளவு பங்கு யாருடையது என்று வரலாற்றாசிரியர்களிடையே வாக்குவாதம் உண்டு. வரப்பு வெட்டிய கைகள் யாருடையவை என்பதில் வாக்குவாதம் இல்லை.

"கொசு அங்கேயும் உண்டா?"

உண்டாவா! மலேரியா ஐரோப்பாவிலிருந்து மிதமான வகையாகவும், ஆப்பிரிக்காவிலிருந்து கொல்லும் வகையாகவும் வந்தது. நெல்வயலில் தேங்கிய நீர் அதற்கு ஊஞ்சல் போட்டது. கொசுதான் காரணம் என்று 1897-ல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடிக்கும்வரை எல்லோரும் சதுப்பின் கெட்ட காற்றைத்தான் பழித்தார்கள். ஆனால் அனுபவம் சரியாகச் சொன்னது. பண்ணையார் குடும்பங்கள் மே மாதம் வயலை விட்டுப் போய்விடும், முதல் உறைபனி விழுந்த பிறகுதான் திரும்பும்.

அடிமைகள் அங்கேயேதான். ஆப்பிரிக்கர்களில் பலருக்கு மலேரியாவுக்கு எதிராகப் பிறவியிலேயே ஓரளவு தடுப்பு இருந்தது உண்மை. அதை வைத்து அவர்களுக்கு நோயே வராது என்று பேசியது பொய். நெல்வயலில் அவர்களுடைய குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1708-லேயே தெற்குக் கரோலினாவில் வெள்ளையரைவிடக் கறுப்பர் தொகை அதிகம்.

நேர்மாறாக, குளிர் அடிக்கும் நியூ இங்கிலாந்தில் சிறுவயதைத் தாண்டியவர்கள் அறுபது எழுபது வரை சாதாரணமாக வாழ்ந்தார்கள், தாத்தா பாட்டி பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதிகம். முதல் நூற்றாண்டு வர்ஜீனியாவில் அப்பா அம்மா இரண்டு பேரையும் இழக்காமல் வளர்வதே பாக்கியம்.

"வெயிலில் வெள்ளைக்காரனால் வேலை செய்ய முடியவில்லை, அதனால்தான் அடிமைகள். சரிதானே?"

சரியில்லை. படித்தவர்களும் கேட்கிற கேள்வி, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஜார்ஜியாவைப் பாருங்கள். பக்கத்துத் தெற்குக் கரோலினாவின் அதே மண், அதே வெயில், அதே கொசு. ஆனால் அங்கே 1735 முதல் 1750 வரை அடிமைமுறைக்குத் தடை இருந்தது. தடையை நீக்கவேண்டும் என்று கேட்டவர்கள் சொன்ன வாதம் இதேதான், வெள்ளையரால் இந்த வெயிலில் முடியாது என்பது. அதே ஜார்ஜியாவில் எபனேசர் என்ற ஊரில் சால்ஸ்பர்கிலிருந்து வந்த ஜெர்மன் பேசும் அகதிகள் இருந்தார்கள். 1739-ல் அவர்கள் ஒரு மனு எழுதினார்கள். நெல் வெள்ளையருக்கு ஆகாத வேலை என்று எங்களுக்கும் சொன்னார்கள், போன அறுவடையில் எங்களில் பலருக்குச் சாப்பாட்டுக்கு மேலேயே விளைந்தது, இப்போது அந்தப் பேச்சைக் கேட்டால் சிரிப்பு வருகிறது என்ற பொருளில். அடிமைகள் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். டேரியனில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களும் அதே வருடம் அப்படியே எழுதினார்கள்.

தட்பவெப்பம் சொன்னது இவ்வளவுதான்: இங்கே நெல் வரும், அங்கே புகையிலை வரும். அதை யார், எந்தக் கூலிக்கு, எந்தச் சட்டத்தின் கீழ் விளைவிப்பது என்பதை மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். வர்ஜீனியாவில் முதல் அரை நூற்றாண்டு புகையிலையைப் பெரும்பாலும் விளைவித்தது ஒப்பந்தக் கூலிகளாக வந்த இங்கிலாந்து ஏழைகள்தான், அதே ஆகஸ்ட் வெயிலில். 1662-ல் அந்தச் சட்டசபை, தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று எழுதியது. அந்த வரியை எழுதியது வெயில் அல்ல.

"அப்போ குளிர்ப் பிரதேசத்துக்காரர்களுக்கு அந்தப் பாவத்தில் பங்கில்லை?"

மேலே சொன்ன கருவாட்டுக்குத் திரும்புவோம். நல்ல தரம் ஐரோப்பாவுக்கு என்றேன். உடைந்ததும் மட்டமானதும் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனது, அடிமைகளுக்கு மலிவான சாப்பாடாக. பீப்பாய்ப் பலகை, குதிரை, மரம் எல்லாம் அங்கேயே. திரும்பி வந்தது வெல்லப்பாகு, அதிலிருந்து ரம். கல்லு நிலம் அவர்களைக் கடலுக்குத் தள்ளியது, கடல் அவர்களைக் கரும்புத் தோட்டத்தோடு கட்டியது. வடக்கிலேயே அடிமைகளும் இருந்தார்கள். மாசசூசெட்ஸ் 1641-லேயே அதற்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. ரோட் ஐலண்டின் நராகன்செட் கரையில் பெரிய பண்ணைகளே நடந்தன.

"வீடுகள்கூட வடக்கே ஒரு தினுசு, தெற்கே ஒரு தினுசாக இருக்கிறதே?"

வடக்கே நடுவீட்டில் பெரிய புகைபோக்கி, அதைச் சுற்றி அறைகள், தாழ்ந்த கூரை. சூடு வெளியே போகக்கூடாது. ஒரு குடும்பம் வருடத்துக்கு முப்பது நாற்பது கட்டு விறகு எரித்தது. 'கட்டு' என்றால் தலைச்சுமைக் கட்டு இல்லை, எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரத்துக்கு அடுக்கியது. பாஸ்டனைச் சுற்றி விறகு சீக்கிரமே தீர்ந்துபோனது.

தெற்கே நேரெதிர். புகைபோக்கி வெளிச்சுவரில், சமையலறை தனிக் கட்டடத்தில். சார்ல்ஸ்டனில் வீடு தெருவுக்குப் பக்கவாட்டில் நிற்கும், ஒரே அறை அகலம், நீளவாக்கில் தாழ்வாரம், கடற்காற்று உள்ளே புகுந்து வெளியே போகும்படி. எங்கள் வீட்டு விருந்தாளிகளுக்கு எப்போதும் பிடிப்பது அந்தத் தாழ்வாரங்கள்தான்.

"நூற்றைம்பது வருடம் கரையோரமே உட்கார்ந்திருந்தார்களே, உள்ளே போகவில்லையா?"

இரண்டு தடை. முதலாவது நான் சொன்ன ரிச்மண்ட் அருவி. அது தனி அருவி அல்ல. உள்நாட்டுக் கெட்டிப்பாறை முடிந்து கரையோர மணல் ஆரம்பிக்கும் விளிம்பு, வடக்கு தெற்காக ஓடுகிறது. ஒவ்வொரு ஆறும் அங்கே தாவி இறங்கும், கப்பல் அங்கே நிற்கும். சரக்கு இறக்கும் இடத்தில் ஊர் வளரும். ட்ரென்டன், ரிச்மண்ட், வாஷிங்டன் எல்லாம் அந்த விளிம்பில் உட்கார்ந்தவைதான்.

இரண்டாவது அப்பலாச்சியன் மலைத்தொடர். பெரிய உயரம் இல்லை, ஆனால் வரிசை வரிசையாக, கணவாய் குறைவு. 1763-ல் பிரிட்டிஷ் அரசு அந்த மலையைத் தாண்டிக் குடியேறக்கூடாது என்று கோடு போட்டது. மலை தடுத்தபோது பொறுத்தவர்கள், ராஜா தடுத்தபோது பொறுக்கவில்லை.

"நமக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

கொஞ்சம் உண்டு. ஜேம்ஸ்டவுனுக்குப் பணம் போட்ட வர்ஜீனியா கம்பெனியை நடத்திய சர் தாமஸ் ஸ்மித், கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னரும்கூட. அதே லண்டன் வியாபாரிகள் ஒரு கையை மேற்கேயும் ஒரு கையை கிழக்கேயும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். கிழக்குக் கைதான் 1639-ல் சென்னையைத் தொட்டது.

இன்னொன்று அவுரி. 1740-களில் எலைசா லூகாஸ் என்ற இளம்பெண் தெற்குக் கரோலினாவில் அவுரியை வெற்றிகரமாகப் பயிரிட்டார். நெல்லுக்கு ஆகாத மேட்டுநிலத்துக்கு அது தோதாக அமைந்தது. பிரிட்டன் மானியம் கொடுத்து வாங்கியது. அமெரிக்கா விடுதலை அடைந்ததும் மானியம் போய்விட்டது, பிரிட்டனின் நீலச்சாயத் தேவை வங்காளத்தின் தலையில் விழுந்தது. அங்கே விவசாயிகள் பட்ட பாடு தனிக் கதை.

"ஜேம்ஸ்டவுனைப் பார்க்க எந்த மாதம் வரலாம்?"

சுகமாகப் பார்க்க ஏப்ரல் அல்லது அக்டோபர். புரிந்துகொள்ளப் பார்க்க ஆகஸ்ட். அந்தப் புழுக்கத்தில் கம்பளித் துணியும் இரும்புக் கவசமும் போட்டுக்கொண்டு நின்றவர்களை நினைத்துப் பார்த்தால், மேலே உள்ள பாதிப் பதில்கள் தேவைப்படாது. மூன்று பக்கம் தண்ணீர் என்று சொன்னேனே, அந்த நிலக்கழுத்தை ஆறு எப்போதோ அரித்துவிட்டது, இப்போது அது தீவு. கோட்டையும் ஆற்றோடு போய்விட்டது என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1994-ல் தோண்ட ஆரம்பித்தபோதுதான் பெரும்பகுதி மண்ணுக்குள் பத்திரமாக இருப்பது தெரிந்தது. கடல்மட்டம் ஏறுவதால் இப்போது மறுபடி தண்ணீர் பயம். மழை பெய்த மறுநாள் போனால் புல்தரையெல்லாம் ஊறிக் கிடக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். கொசு மருந்தை நான் கொண்டுவருகிறேன்.